வாய்க்குள் மாடிப்படி

ஜூன் 3, சனி

மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. அட்டையில் ஒரு கடைவாய்ப்பல் கை கால் முளைத்துச் சிரிக்கிறது. எழுத ஒன்றும் இல்லாததால் இதுவரை மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று எழுதியே தீரவேண்டிய சங்கதி ஒன்று நடந்தது. டைரி மேலே வந்துவிட்டது. மேசை ஆடுகிறது.

போலந்திலிருந்து பார்சல். என் ஒரே மகள் பிரிசில்லா அங்கே பல் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அந்த ஊர்ப் பெயரை எழுதுவது ஒரு விதம், சொல்வது வேறு விதம். ஆகவே விசாரிக்கிறவர்களிடம் நான் போலந்து என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வந்தது ஒரு நீளமான அட்டைக் குழாய். ஜெபக்கனி அதை என் மேசைமேல் வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டாள். என் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள் அவள். நடைமுறையில் எனக்கு மேலதிகாரி.

"பாத்துப் பிரிங்க சார். நம்ம பாப்பா எதுவும் கை எலும்பு அனுப்பிருக்கும். நீளம் சரியா இருக்கு."

உள்ளே எலும்பு இல்லை. ஒரு சினிமா போஸ்டர். நோயாளிப் பச்சை நிறத்தில் ஒரு ஆணின் முகம், வாய் ஆவென்று திறந்திருக்கிறது. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாடிப்படி கீழே இறங்குகிறது. அடிப்படியில் எறும்பளவு மனிதன் ஒருவன் விளக்கோடு நிற்கிறான். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "அப்பா, இது ஒரு துப்பறியும் படத்தோட பழைய போஸ்டர். ஹீரோ முகம் இல்ல, துப்பாக்கி இல்ல. ஆனா பாத்ததும் படத்துக்குப் போகணும்னு தோணுதா இல்லையா? வெயிட்டிங் ரூம்ல மாட்டுங்க."

எனக்குப் படத்துக்குப் போகத் தோன்றவில்லை. மேலண்ணம் தப்பாக வரையப்பட்டிருப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஆனால் போன மழைக்குப் பிறகு வெயிட்டிங் ரூம் சுவரில் ஈரம் ஏறி ஒட்டகம் மாதிரி ஒரு கறை படிந்திருக்கிறது. போஸ்டரை மாட்டியதும் ஒட்டகம் மறைந்துவிட்டது, பின்னங்காலைத் தவிர. மாட்டியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஜூன் 6, செவ்வாய்

உப்பள முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சி வேர் சிகிச்சைக்கு வந்தார். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஊசியைப் பார்த்ததும் அவருக்கு அவசர வேலை நினைவு வந்துவிட்டது. இன்று ஊசி வரைக்குமே போகவில்லை.

"என்ன டாக்டரே, இது யாரு?"

"சும்மா, படம் அண்ணாச்சி."

"எம்பல்லுல சின்ன ஓட்டைதாம் இருக்கு. இவன் வாய்க்குள்ள மாடிப்படியே போவுதே. நீங்க பாத்த வைத்தியமா இது?"

டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போஸ்டரைக் கழற்றச் சொன்னாள் ஜெபக்கனி. ஒட்டகத்தை நினைத்து வேண்டாம் என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து அண்ணன் கிளமெண்ட் சாப்பிட வந்தார். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கப்பல்களை நிறுத்திய குரலில்தான் இங்கே குழம்பு கேட்பார். அவர் மகன் நெவில் சென்னையில் இருதய நிபுணர். எங்கள் மச்சாது குடும்பத்தில் எந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் நெவிலிடம்தான் கரையேறும்.

"லம்பட்டு, உன் மக எப்ப டாக்டராகி வாரா?" (என் பெயர் லாம்பர்ட். அண்ணன் வாயில் அது நிற்பதில்லை.)

"இன்னும் ரெண்டு வருஷம்ண்ணே."

"கிளினிக்கைப் பெருசாக்கு. இருதயத்துக்கு நெவிலு, பல்லுக்கு பிரிசி. நம்ம குடும்பத்துல இனி வெளி டாக்டர்கிட்டப் போக வேண்டியதே இல்ல."

என் மனைவி மெர்சி அண்ணனுக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள். அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். எங்கள் இருவர் தொழிலுக்குள்ளும் சண்டை கிடையாது. அவளுடைய வாடிக்கையாளர்கள் சில வருடங்களில் என்னிடம் வந்துவிடுகிறார்கள்.

மதியம் பிரிசி வீடியோவில் வந்தாள். கை முழுக்க, முழங்கை வரைக்கும், நிறம். என்னம்மா என்று கேட்க வாயெடுத்து, நானே புரிந்துகொண்டேன். பல்லில் படிந்த கறையைக் காட்டுவதற்குப் பூசும் சாயம். நான் படிக்கும்போது வெறும் சிவப்புதான். இவள் கையில் ஊதாவும் மஞ்சளும் கூட இருந்தன. ஐரோப்பாவில் புதிய வகைகள் வந்திருக்கும். "பல்லுச் சாயம்தானே, நிறைய பிராக்டிகல் கொடுக்கிறாங்க போலிருக்கே" என்றேன். ஆமாம், நிறைய என்றாள். கடினமாக உழைக்கிறாள். இளைத்திருக்கிறாள்.

ஜூன் 24, சனி

இன்னும் இரண்டு குழாய்கள். அவள் விடுதியில் பல தேசத்துப் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்களாம், போஸ்டர்களை மாற்றிக்கொள்கிறார்களாம். சின்ன வயதில் நாங்கள் தீப்பெட்டிப் படம் மாற்றிக்கொண்ட மாதிரி.

ஒன்று கியூபா. மூன்றே நிறம். ஒரு தொப்பி, தொப்பிக்குக் கீழே முகத்துக்குப் பதில் ஒரு கரும்புத் தோட்டம். அச்சடிக்க மை போதாத நாட்டில் மூன்று நிறத்தில் முடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் என்று முதலில் நினைத்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது பார்த்தால் அந்தத் தொப்பிக்காரன் கோபமாக இருந்தான். முகமே இல்லாதவன் எப்படிக் கோபமாக இருப்பான் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் நின்றேன். ஜெபக்கனி வந்து, உள்ளே ஒரு அம்மா வாயைத் திறந்தபடியே இருக்கிறார் என்று நினைவுபடுத்தினாள்.

இன்னொன்று ஜப்பான். மழை. குடை பிடித்த ஒரு பெண்ணின் முதுகு மட்டும். எழுத்துகள் மேலிருந்து கீழாக, மழையோடு மழையாக இறங்குகின்றன. இதைச் சிகிச்சை அறையில் நாற்காலிக்கு நேரெதிரே மாட்டினேன். அந்தச் சுவரில் ஏற்கெனவே ஆணி இருந்தது.

ஜூலை 5, புதன்

கானா நாட்டுப் போஸ்டர் வந்தது. இந்த மாதிரிப் போஸ்டர்களின் அசலை மாவுச் சாக்கில் வரைவார்களாம். ஊர் ஊராக டிவியும் ஜெனரேட்டரும் கொண்டுபோய்ப் படம் போடுகிறவர்கள், படத்தைப் பார்க்காமலேயே, கூட்டம் வரவேண்டும் என்பதற்காக வரையச் சொல்வார்களாம். இதில் ஒரு பெண்ணின் தலையில் பாம்புகள். பாம்புகளின் வாயில் மனிதர்கள். மனிதர்களின் கையில் கோடாலி. பிரிசியிடம் கேட்டேன், இது பேய்ப் படமா? இல்லையாம், அக்கா தங்கை கல்யாணச் சண்டைப் படமாம்.

பங்குச் சாமியார் பல் சுத்தம் செய்ய வந்தவர் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "டாக்டர், மாதா கோயில் கொடியேற வேற போகுது" என்றார். மரியாதைக்காக அதைக் கழற்றிச் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோய், கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதிலிருந்து ஒரு சௌகரியம். யாரையும் வாயைத் திறங்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதில்லை. உள்ளே நுழையும்போதே திறந்துவிடுகிறார்கள்.

ஜூலை 13, வியாழன்

பிரிசியோடு போன். பாடம் எப்படிப் போகிறது என்று சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்கு எத்தனை வேர்?

"மூணுப்பா."

இரண்டு. லைன் சரியில்லை என்றேன். அல்லது ஐரோப்பியர்களுக்கு மூன்று இருக்குமோ என்னவோ. விசாரிக்க வேண்டும்.

சிகிச்சை அறையில் இரண்டாவது நாற்காலி போட இடம் அளந்தேன். மதுரைக் கம்பெனியில் சொல்லியாகிவிட்டது. அதே ரகம், ஆனால் கடல் நீலம், பிரிசிக்குப் பிடிக்கும். மெர்சியிடம் சொன்னபோது மாவு பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"இப்ப என்னங்க அவசரம்? பிள்ளை படிச்சி முடிக்கட்டும்."

"முடிக்கத்தானே போறா."

"என்ன படிச்சி முடிப்பான்னு..." என்று ஆரம்பித்தவள், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மேல்படிப்பைச் சொல்கிறாள். ஈறு சிகிச்சையா, பல் சீரமைப்பா என்று. அவளும் யோசித்துத்தான் வைத்திருக்கிறாள்.

ஜூலை 26, புதன்

மாதா கோயிலில் கொடியேற்றம். கிளினிக்கில் கூட்டம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. ஆனால் பாதிப் பேருக்குப் பல்லில் ஒன்றும் இல்லை. திருவிழாவுக்கு வந்த வெளியூர்ச் சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரைக் காட்டுகிறார்கள்.

பொன்ராஜ் அண்ணாச்சியும் வந்தார். மாடிப்படிக்காரனை விரலால் காட்டி மைத்துனருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இது துப்பறியுற படம் மாப்ள. கொலைகாரன் ஆரு? வெளியில தேடாத, உனக்குள்ளயே இறங்கித் தேடுங்கான்." நான் அவருக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. எனக்கே இன்றுதான் தெரியும்.

வேர் சிகிச்சைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ஊசி போட்டேன். ஜப்பான்காரியின் குடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பிள்ளை திரும்பிப் பாப்பாளா மாட்டாளா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். சிகிச்சை முடிந்தது. மூன்று தடவை ஓடியவர்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

இன்று வந்த குழாயில் எந்த நாடு என்று எழுதவில்லை. சீட்டும் இல்லை.

முழுத் தாளும் வெள்ளை. மேலே ஒரு வட்டம், சூரியனாகவும் பார்க்கலாம், எங்கள் விளக்காகவும் பார்க்கலாம். கீழே ஓரத்தில் ஒரு பல் மருத்துவ நாற்காலி, முதுகு நம் பக்கம். அதில் யாரும் இல்லை. கிட்டே போய் உற்றுப் பார்த்தால்தான் வெள்ளை வெறும் வெள்ளை இல்லை, உப்புக் குவியல்கள் என்று தெரிகிறது. நாற்காலியிலிருந்து காலடித் தடம் ஒன்று உப்பின்மேல் நடந்துபோய், தாளின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விடுகிறது.

"நோயாளி வலி தாங்காம ஓடிட்டார். அதான் கதை" என்றேன்.

"ஆம்பளைத் தடம் இல்ல சார், சின்னப் பாதம். பொம்பளப் பிள்ளை" என்றாள் ஜெபக்கனி.

பொன்ராஜ் அண்ணாச்சி பல்லுக்கு உறை போட வந்தார். "அட, இது நம்ம உப்புலா! தருவைகுளம் போற ரோட்டுல பாத்தா இப்படித்தான் இருக்கும்." போலந்தில் பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது, உப்பு தூத்துக்குடிக்கு மட்டும் சொந்தமில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு, "இருந்தாலும் நம்ம உப்புதாம்" என்றார்.

மற்றதெல்லாம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். இதைப் பார்த்தால் அப்படி இல்லை. கண்ணில் நீர் வந்தது. பல் அடைக்கும் சிமெண்ட் பவுடர் பட்டிருக்கும். ஜெபக்கனியிடம் மூடியை இறுக்கி வைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பிரிசியிடம் பேசினேன். நீ அனுப்பியதிலேயே அந்த உப்புப் போஸ்டர்தான் உயர்ந்தது என்றேன். போலந்து, கியூபா, ஜப்பான் எல்லாம் அப்புறம்தான் என்றேன்.

"யார்ம்மா வரைஞ்சது? பெரிய ஆளா?"

"நிஜமாவே பிடிச்சிருக்காப்பா?"

"வரைஞ்சவனுக்கு பல் டாக்டர் யாரோ வேண்டியவங்களா இருக்கணும். அந்த நாற்காலிய அவ்வளவு பிரியமா வரைஞ்சிருக்கான். ஆனா அதுல உக்கார மனசில்ல. பாவம்."

"அப்பா."

"சொல்லு."

"நான்தாம்ப்பா வரைஞ்சேன்."

லைன் கட்டாகவில்லை. கட்டாகியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

கிளினிக் விடுமுறை. உடம்பு சரியில்லை என்று போர்டு வைக்கச் சொன்னேன். "டாக்டருக்குப் பல்வலி" என்று எழுதி மாட்டிவிட்டாளாம் ஜெபக்கனி. எதிர் வீதி வரை சிரிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 16, புதன்

நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் தூக்கம் வரும் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தது.

பிரிசில்லா முதல் வருடத்தோடு பல் மருத்துவத்தை விட்டுவிட்டாள். அதே ஊரில் ஓவியக் கல்லூரியில் போஸ்டர் வரையப் படிக்கிறாள். நான் கட்டிய ஃபீஸ் அங்கேதான் போயிருக்கிறது. போஸ்டர் என்பது அந்த ஊரில் ஒரு படிப்பு. அதற்கென்று துறை, பேராசிரியர், தேர்வு. தலைநகர் வார்சாவில் போஸ்டருக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறதாம்.

பயந்து ஓடினாயா என்று கேட்டேன். "பயம் இல்லப்பா. ஒவ்வொரு வாயைத் திறக்கும்போதும் இதுக்குள்ள என்ன வரையலாம்னுதான் தோணுச்சு. அப்படி ஒருத்திகிட்ட நீங்க பல்லைக் காட்டுவீங்களா?"

காட்டமாட்டேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. போஸ்டர் வரைவதற்குப் போலந்து எதற்கு, நம்ம ஊர்ச் சந்துக்குள்ளேயே வரைகிறார்கள் என்றேன். இன்னும் பலவும் சொன்னேன். அவள் அழவில்லை. நான் முடிக்கும் வரை பொறுத்திருந்து, "சரிப்பா, பிரஷர் மாத்திரை போட்டுட்டுப் படுங்க" என்றாள்.

இன்று காலை மதுரையிலிருந்து புது நாற்காலி வந்து இறங்கியது. கடல் நீலம். "சின்ன டாக்டருக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டே மாட்டினார்கள். ஆமாம் என்றேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மெர்சியிடம் நேரடியாகவே கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வருஷம் ஈஸ்டர்ல இருந்து."

"ஆத்தாளும் மகளுமாச் சேந்து எங்கிட்ட இத்தனை நாள் பொய்யா சொன்னீங்க?"

"எங்க சொல்ல விட்டிய? அவ கையில பெயிண்டப் பாத்தா பல்லுச் சாயம்னிய. தப்பாப் பதில் சொன்னா லைன் சரியில்லன்னிய. பிள்ளை ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லணும்னுதாம் வீடியோவுல வருவா. அதுக்குள்ள நீங்களே ஒரு பதிலைக் கண்டுபிடிச்சிச் சொல்லிருவிய. நாங்க பொய்யே சொல்ல வேண்டியிருக்கலைங்க."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் அதிகமாயிற்று. இன்று கேக் சாப்பிடவில்லை.

பெரிய பிரச்சினை அண்ணன். தேர் அன்றைக்கு கோயில் வாசலில் நின்று, மச்சாது குடும்பத்தில் மூன்றாவது டாக்டர் ரெடியாகிறாள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன். சிரித்துக்கொண்டும் நின்றேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

போஸ்டர்களைக் கழற்றிவிட்டேன். மாடிப்படி, தொப்பி, குடை, பாம்பு எல்லாம் குழாய்க்குள் போயாயிற்று. ஒட்டகம் இப்போது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. உப்புப் போஸ்டரை மட்டும் சுருட்டவில்லை, தாள் தடிமனாக இருப்பதால் மடிப்பு விழும். என் அறைக் கதவின் உள்பக்கம் மாட்டியிருக்கிறேன். கதவைச் சாத்தினால்தான் தெரியும். இப்போதெல்லாம் வெயிலுக்காகக் கதவைச் சாத்தியே வைக்கிறேன்.

செப்டம்பர் 2, சனி

வெயிட்டிங் ரூமில் எல்லாரும் ஒட்டகத்தையே பார்க்கிறார்கள். இன்று இரண்டு பேர் முறை வரும்முன் எழுந்து போய்விட்டார்கள். பொன்ராஜ் அண்ணாச்சி வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன டாக்டரே, எழவு வீடு மாதிரி இருக்கு" என்றார். பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்றேன். ஜெபக்கனி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

செப்டம்பர் 7, வியாழன்

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். ஒரு ஆள் புதுப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வண்டி தானாக நின்றது. போஸ்டரில் பன்னிரண்டோ பதிமூன்றோ முகங்கள், ஒரு ஹெலிகாப்டர், தீ, அரிவாள், மூலையில் ஒரு கன்றுக்குட்டி. நடுவில் மிச்சமிருந்த இடத்தில் படத்தின் பெயர் மூச்சு முட்டி நின்றது.

"இவ்வளவு எதுக்கு? நடுவுல கொஞ்சம் சும்மா விட்டா கண்ணு நிக்கும்லா?" என்றேன்.

அவர் பசை வாளியைக் கீழே வைத்தார். "நானா சார் அச்சடிக்கேன்? ஆனா ஒண்ணு சொல்லுதேன். இந்த ஊருல சும்மா விட்ட எடத்துல கச்சிக்காரன் வந்து ஒட்டிருவான்."

எனக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை. போலந்துக்காரனுக்கும் தோன்றியிருக்காது. அவர் அடுத்த சுவருக்குப் போனதும் ஒரு மாடு வந்தது. மைதாப் பசை வாசனைக்கு ஈரப் போஸ்டரை ஒரு முனையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. ஹெலிகாப்டர் போயிற்று, தீ போயிற்று, முகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ஒரு வெற்றுச் சுவரும், அரிவாள் பிடித்த ஒரு கையும், கன்றுக்குட்டியும் மட்டும் மிச்சம்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மெர்சிக்கு மாடு புரியும், போஸ்டர் புரியாது. அண்ணனுக்கு இரண்டுமே புரியாது. போட்டோ எடுத்தேன். எதுவும் எழுதாமல் பிரிசிக்கு அனுப்பினேன். கை தவறி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்கூட்டரைக் கிளப்புமுன் பதில் வந்துவிட்டது: "மாடு தின்னப்புறம்தான்ப்பா போஸ்டர் நல்லா இருக்கு."

செப்டம்பர் 10, ஞாயிறு

கதவில் இருக்கும் உப்புப் போஸ்டரில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்கையில் ஒரு பெரிய தவறு கண்ணில் பட்டது. தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், தனிப்பட்ட விரோதத்தில் சும்மா விடுவது நியாயமில்லை. போன் போட்டேன்.

"அப்பா!"

"அந்த நாற்காலியில துப்புற கிண்ணத்தை வலது பக்கம் வரைஞ்சிருக்க. அது இடது பக்கம் இருக்கணும். டாக்டர் நிக்கிற பக்கம் வலது. நீ வரைஞ்சிருக்கிற நாற்காலியில உக்காந்தா பேஷண்ட் டாக்டர் மேலதான் துப்புவான்."

"அதனாலதாம்ப்பா நான் படிப்ப விட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பக்கம் அவளும். மெர்சி என்னவோ ஏதோவென்று கரண்டியோடு ஓடிவந்தாள்.

பிறகு ரொம்ப நேரம் பேசினோம். கானாக்காரர்கள் ஏன் அப்படி வரைகிறார்கள், ஜப்பானில் எழுத்தை ஏன் ஓரத்தில் வைக்கிறார்கள், நம் ஊரில் ஏன் எல்லார் முகமும் வேண்டியிருக்கிறது. பசைக்காரர் சொன்ன கட்சிக் காரணத்தைச் சொன்னேன். அதை எழுதி வைத்துக்கொள்கிறேன், வகுப்பில் சொல்ல வேண்டும் என்றாள். உப்புப் போஸ்டர் வார்சாவில் மாணவர் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறதாம். இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கிண்ணத்துலயே நின்னுட்டீங்களேப்பா" என்றாள்.

கிண்ணத்தை மாற்றி வரையப் போகிறாயா என்று கேட்டதற்கு மாட்டேன் என்றாள். அழகுக்கு அந்தப் பக்கம்தான் சரியாம். இருக்கலாம்.

செப்டம்பர் 18, திங்கள்

எல்லாம் மறுபடி சுவரில். ஜெபக்கனியே ஆணி அடித்தாள். மாடிப்படியை இந்தத் தடவை ஒரு சாண் கீழே மாட்டி, ஒட்டகத்தின் பின்னங்காலையும் மூடிவிட்டாள். உப்பு நடுச் சுவரில். நீல நாற்காலியின் பிளாஸ்டிக்கைப் பிரித்தாயிற்று. திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருகிறேன் என்றிருக்கிறார். நேர்முகத்தில் அவரை நான் கேட்ட முதல் கேள்வி, கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்கு எத்தனை வேர். இரண்டு என்றார்.

செப்டம்பர் 23, சனி

அண்ணன் பல் சுத்தம் செய்ய வந்தார்.

வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். "ஏல, இது என்ன புது நாற்காலிகிட்ட வேற எவளோ நிக்கா? பிரிசிக்குன்னு வாங்குனதுதான அது? இது என்ன சுவரெல்லாம் சினிமாக் கொட்டகை மாதிரி?" உட்காருங்கண்ணே என்றேன். மார்பில் துண்டைக் கட்டினேன். வாயைத் திறந்தார். உறிஞ்சு குழாயை உள்ளே வைத்தேன், இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தேன். வலித்தால் கையைத் தூக்குங்கள் என்றேன்.

பிறகு சொன்னேன்.

"அண்ணே, பிரிசி டாக்டருக்குப் படிக்கல. போஸ்டர் வரையப் படிக்கிறா."

கையைத் தூக்கினார். இயந்திரத்தை இன்னும் நான் ஓடவே விடவில்லை.

"அதுக்கு எதுக்குப் போலந்துன்னு கேப்பிய. நானும் கேட்டேன். அங்க அதுக்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கு." இயந்திரத்தை ஓடவிட்டேன். போலந்தில் ஹீரோ முகமில்லாமல் வரைவதைச் சொன்னேன். கியூபாவின் மூன்று நிறத்தைச் சொன்னேன். மாவுச் சாக்கைச் சொன்னேன். இடையில் அண்ணன் மறுபடி கையைத் தூக்கினார். வலிக்கும் இடம் இல்லை அது என்று எனக்குத் தெரியும். வார்சாக் கண்காட்சியைச் சொன்னேன். நெவில் இருதயத்தைப் பார்க்கிறான், அது நல்ல காரியம், ஆனால் பொன்ராஜ் அண்ணாச்சியை இந்த நாற்காலியில் அசையாமல் உட்கார வைத்தது இந்தத் துறையில் இருபத்தைந்து வருடம் இருக்கிற நான் இல்லை, ஒரு காகிதம் என்றேன். என் வாழ்நாளில் அண்ணனிடம் இத்தனை வாக்கியங்கள் தொடர்ச்சியாகப் பேசியதில்லை. அவர் பற்கள் இவ்வளவு சுத்தமாக இருந்ததும் இல்லை. மூன்றாவது தடவை கையைத் தூக்கியவர் இறக்கவே இல்லை. சுவரைக் காட்டியபடி அது அப்படியே நின்றது.

வேறு வழியில்லாமல் பஞ்சை எடுத்தேன். அண்ணன் வாயைக் கொப்பளித்தார், இடது பக்கம். துடைத்துக்கொண்டார். கப்பல் குரல் வரும் என்று காத்திருந்தேன்.

"எத்தனை தடவைதாம்ல கையத் தூக்குறது? கேள்வி கேட்க விடுதியா நீ?" என்றார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "மழையில குடை பிடிச்சிட்டுப் போறாளே, அந்தப் பிள்ளை ஆருல? எங்க போறா?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தவளுக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம், பிரிசி ஏதோ தின்றுகொண்டே எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, பெரியப்பா கேட்கிறார் என்றேன். தின்பது நின்றது. பிறகு மெதுவாக ஆரம்பித்தாள், அந்தப் படம் எந்த வருடம், அந்தப் பெண் யாரை விட்டுப் போகிறாள், முகத்தைக் காட்டாமல் முதுகை மட்டும் ஏன் வரைந்தார்கள் என்று. அண்ணன் மார்பில் கட்டிய துண்டோடு, காதைப் போன் பக்கம் சாய்த்து, நடுவில் "அப்பிடியா... சரி... பெறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜெபக்கனி எட்டிப் பார்த்து, வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள் என்றாள்.

"சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லு" என்றேன்.